தெரிந்த சொல்தான் காலை வாரும்

பழைய ஆங்கில இலக்கியத்தைக் கையில் எடுக்கிறவர்கள் பயப்படுவது தெரியாத சொற்களுக்கு. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தின் புகழ்பெற்ற தனிமொழியில் 'ஃபார்டல்ஸ்' என்று வருகிறது, 'பாட்கின்' என்று வருகிறது. இவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. தெரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடுகிறது. அடிக்குறிப்பைப் பார்த்தால் சுமை, குத்துவாள் என்று போட்டிருக்கும். மேலே போய்விடலாம். வாசகரைக் கவிழ்ப்பவை தினமும் புழங்கும் சொற்கள். அவற்றுக்காக அகராதியைத் திறக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு வராது.

அதே நாடகத்தில் ஆவியின் பின்னால் போகத் துடிக்கும் ஹாம்லெட்டை நண்பர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். 'ஐல் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மீ' என்று கத்துகிறான். இன்றைய பொருளில் 'என்னைப் போகவிடுகிறவனை ஆவியாக்கிவிடுவேன்' என்று ஆகும். விடுகிறவனை எதற்குக் கொல்ல வேண்டும்? இங்கே 'லெட்' என்றால் தடு. பழைய ஆங்கிலத்தில் அனுமதிப்பதற்கு ஒரு வினைச்சொல்லும் தடுப்பதற்கு வேறொரு வினைச்சொல்லும் இருந்தன. காலப்போக்கில் இரண்டின் ஒலியும் ஒன்றாகிப்போனது. எதிரெதிர்ப் பொருள் தரும் இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் எத்தனை நாள் இருக்க முடியும்? தடுப்பது வழக்கொழிந்தது. பல நாட்டுக் கடவுச்சீட்டுகளில் இன்னும் அச்சாகும் 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' (தடையோ இடையூறோ இல்லாமல்) என்ற தொடரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'லெட்' கூடப் பரவாயில்லை. பொருள் உதைப்பதால் நின்று யோசிப்போம். இரண்டு பொருளும் இலக்கணப்படி பொருந்திவிடும் இடங்கள்தான் மோசமானவை. தந்தையின் ஆவி கவசத்தோடு உலவுகிறது என்று கேள்விப்பட்டதும் ஹாம்லெட் 'ஐ டவுட் சம் ஃபவுல் பிளே' என்கிறான். இன்றைய காதுக்கு 'சதி நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை' என்று கேட்கும். அவன் சொல்வது நேர் எதிர்: ஏதோ சதி இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். அன்றைய 'டவுட்' ஒன்று இருக்குமோ என்று அஞ்சுவது. இன்றைய 'டவுட்' இருக்காது என்று நினைப்பது. இதைத் தவறவிட்டால் நாடகத்தின் முடிச்சு விழும் இடமே கைநழுவும். ஆனால் வாக்கியம் ஒழுங்காகத்தான் இருக்கும், எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது.

இந்த வகையில் நேரத்தைக் குறிக்கும் சொற்களுக்குத் தனி இடம் உண்டு. 'பிரசென்ட்லி' என்றால் இன்று 'சற்று நேரத்தில்'. சிலர் வழக்கில் 'தற்போது'. ஷேக்ஸ்பியரில் பெரும்பாலும் 'இந்தக் கணமே'. 'தி டெம்பஸ்ட்' நாடகத்தில் புராஸ்பெரோ ஒரு வேலை ஏவுகிறான். ஏரியல் 'பிரசென்ட்லி?' என்று கேட்க, 'ஆமாம், கண்சிமிட்டும் நேரத்தில்' என்று பதில் வருகிறது. பொருளை நாடகமே சொல்லிவிடுகிறது. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், மாற்கு 6:25-இல், ஏரோதியாளின் மகள் யோவானின் தலையை 'பை அண்ட் பை', 'சார்ஜர்' ஒன்றில் வைத்துத் தரும்படி கேட்கிறாள். 'பை அண்ட் பை' என்றால் இன்று 'போகப் போக', அங்கே 'உடனே'. 'சார்ஜர்' என்பது பெரிய தட்டு. போர்க்குதிரைக்கும் அதே சொல் உண்டு என்பதால் அந்த வரியில் விசித்திரமான சித்திரங்களைக் கற்பனை செய்துகொண்டவர்கள் இருக்கக்கூடும்.

ஏன் 'உடனே' என்ற பொருள் கொண்ட சொற்கள் இப்படி வரிசையாகத் தளர்கின்றன? 'சூன்', 'அனான்' இரண்டும்கூட ஒரு காலத்தில் 'உடனடியாக' என்று பொருள் தந்தவைதான். 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் கழித்து வருவது எல்லா மொழிக்காரர்களுக்கும் உள்ள பழக்கம். ஆள் தாமதிக்கத் தாமதிக்கச் சொல்லின் பொருளும் தாமதமாகிவிடுகிறது.

இன்னும் சில சொற்களை மனத்தில் குறித்துக்கொள்ளலாம். ஷேக்ஸ்பியர் காலத்து 'பிரேவ்' பல இடங்களில் வீரம் அல்ல, அழகு, பகட்டு. 'தி டெம்பஸ்ட்' நாடகத்தில் மிராண்டா 'பிரேவ் நியூ வேர்ல்ட்' என்று வியப்பது 'எவ்வளவு அழகான புது உலகம்' என்றுதான். 'ஸ்டில்' என்றால் எப்போதும். அதே நாடகத்தில் பெர்முடாவை 'ஸ்டில்-வெக்ஸ்ட்' என்பது ஓயாமல் புயலடிக்கும் இடம் என்ற பொருளில். லியர் மன்னன் தன்னை 'ஃபாண்ட் ஓல்ட் மேன்' என்று சொல்லிக்கொள்வது பாசக்காரக் கிழவன் என்றல்ல, புத்தி மழுங்கிய கிழவன் என்று. கிங் ஜேம்ஸ் பைபிளில் 'மீட்' என்றால் பொதுவாக உணவு. 'குயிக்' என்றால் உயிரோடு இருப்பவர். 'பிரிவென்ட்' என்றால் முந்திக்கொள்வது: 119-ஆம் சங்கீதத்தில் 'விடியலைப் பிரிவென்ட் செய்தேன்' என்று வருவது விடிவதற்கு முன்பே எழுந்தேன் என்று. 'கார்ன்' இங்கிலாந்து நூல்களில் தானியம், பெரும்பாலும் கோதுமை. அங்கே மக்காச்சோளக் கொல்லையைக் கற்பனை செய்ய வேண்டாம்.

ஆஸ்டின் இன்னும் கடினம்

ஷேக்ஸ்பியரை வாசிக்கும்போது பழைய மொழி என்ற உணர்வாவது இருக்கும். 1811-லிருந்து 1817-க்குள் வெளிவந்த ஜேன் ஆஸ்டின் நாவல்களில் வாக்கியங்கள் இன்றைய ஆங்கிலம்போலவே ஓடும். அதனால்தான் அவரை நான் கூடுதல் ஆபத்து என்பேன்.

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் முதல் வாக்கியத்தையே எடுங்கள். சொத்துள்ள தனி ஆண் ஒருவன் 'இன் வான்ட் ஆஃப் எ வைஃப்' என்கிறது. 'வான்ட்' என்பதை விருப்பம் என்று வாசித்தால் 'அவனுக்கு மனைவி வேண்டுமென்ற ஆசை இருக்கும்' என்று சப்பென்று போய்விடும். அங்கே 'வான்ட்' என்றால் இல்லாமை, தேவை. அவனுக்கு ஆசை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவனிடம் ஒரு மனைவி குறைகிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. குத்தல் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது.

அதே நாவலில் காலின்ஸ் பாதிரியார் தன் புரவலரான லேடி கேதரினின் 'கான்டிசென்ஷன்' பற்றி வாய் ஓயாமல் புகழ்கிறார். இன்று அது வசைச்சொல்: மேலிருந்து கீழே பார்த்துப் பேசும் திமிர். அன்று பாராட்டு. உயர்ந்த நிலையில் இருப்பவர் தாமாக இறங்கிவந்து எளியவரோடு சமமாகப் பழகும் பெருந்தன்மை. இன்றைய பொருளில் வாசிப்பவர், காலின்ஸ் தெரியாமல் அவரைத் திட்டிவிட்டார், அதுதான் நகைச்சுவை என்று நினைத்துச் சிரிப்பார். சிரிப்பு அங்கே இல்லை. ஒரு சீமாட்டி சாதாரண மரியாதையோடு நடந்துகொண்டதற்கு இந்த மனிதர் எவ்வளவு பூரிக்கிறார் என்பதில் இருக்கிறது.

'கேண்டர்' இதைவிட நுட்பம். இன்று ஒளிவுமறைவின்றி முகத்துக்கு நேரே சொல்வது. அன்று பிறரைப் பற்றி நல்லதாகவே நினைக்கும் குணம். கிட்டத்தட்டத் தலைகீழ். இந்த இடத்தில் ஆஸ்டினே கைகொடுக்கிறார். 4-ஆம் அத்தியாயத்தில் எலிசபெத் தன் அக்கா ஜேனிடம், 'கேண்டர்' இருப்பதாகப் பாசாங்கு செய்பவர்கள் எங்கும் உண்டு, ஆனால் ஒவ்வொருவரிடமும் உள்ள நல்லதை எடுத்து அதை இன்னும் நல்லதாக்கி, கெட்டதைப் பற்றி வாய்திறக்காமல் இருப்பது உன்னால் மட்டும்தான் முடியும் என்கிறாள். இதைவிடத் தெளிவான அகராதிக் குறிப்பு எங்கே கிடைக்கும்? பொருள் சந்தேகமாக இருந்தால் அகராதிக்கு ஓடுமுன் முன்னும் பின்னும் 2 பக்கங்களை வாசியுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

'எம்மா' நாவலில் ஓடும் வண்டிக்குள் திருவாளர் எல்ட்டன் எம்மாவிடம் 'மேக்கிங் வயலன்ட் லவ்' என்று வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அவர் செய்வது வாய்ப்பேச்சு மட்டுமே, காதலைச் சொல்லி உருகுகிறார். 'இன்டர்கோர்ஸ்' என்றால் ஒருவரோடொருவர் பழகுவது. 'அட்ரஸ்' என்றால் பேசிப் பழகும் பாங்கு. 'சென்சிபிள் ஆஃப்' என்றால் அறிந்திருப்பது, உணர்ந்திருப்பது. 'நைஸ்' என்ற சொல் அப்போது நடுவழியில் இருந்தது. நுணுக்கமான, கறாரான என்ற பொருளிலிருந்து நழுவி 'நல்லா இருக்கு' என்ற எதற்கும் உதவும் சொல்லாக மாறிக்கொண்டிருந்தது. 'நார்தாங்கர் அபி' நாவலில் கேதரின் ஒரு புத்தகத்தை 'நைஸ்' என்று சொல்லப்போய், ஹென்றி டில்னியின் நீண்ட கிண்டலில் மாட்டிக்கொள்கிறாள். ஒரே பக்கத்தில் பழைய பொருளும் புதிய பொருளும் மோதுவதைப் பார்க்க வேண்டுமானால் அந்த அத்தியாயம் போதும்.

சந்தேகம் வந்தபின் என்ன செய்வது

முதலில் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: நூல் எழுதப்பட்ட ஆண்டு, கதை நடக்கும் ஆண்டு. சொற்பொருளுக்கு முக்கியம் எழுதப்பட்ட ஆண்டுதான். வால்ட்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' 12-ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. ஆனால் அதன் 'தவ்' (நீ), 'மெதிங்க்ஸ்' (எனக்குத் தோன்றுகிறது) எல்லாம் 1819 வாக்கில் ஒருவர் பழமை மணக்க வேண்டுமென்று தூவியவை. 12-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தை அப்படியே எழுதியிருந்தால் அன்றைய வாசகருக்கே ஒரு வரியும் புரிந்திருக்காது.

அடுத்தது, எந்தச் சொல்லைச் சந்தேகிப்பது என்று தெரிய வேண்டும். நல்ல தடயம் முன்னிடைச்சொல். இன்று அந்தச் சொல்லோடு சேராத ஒரு 'ஆஃப்', ஒரு 'டு' ஒட்டிக்கொண்டிருந்தால் பொருள் வேறு. 'டிஸ்கவர்' என்றால் கண்டுபிடிப்பது. 'டிஸ்கவர் டு' என்றால் ஒருவரிடம் வெளிப்படுத்துவது. இரண்டாவது தடயம் எதிராளியின் முகம். ஒருவர் சாதாரணமாகத் தோன்றும் ஒன்றைச் சொல்ல, கேட்டவர் கொதித்தெழுந்தால், அல்லது வசைபோல் தெரிவதைக் கேட்டவர் மகிழ்ந்தால், இடையில் ஏதோ ஒரு சொல் நம்மை ஏமாற்றியிருக்கிறது.

பிறகு அகராதி. கைபேசியில் உடனே வரும் விளக்கம் இன்றைய பொருளை முதலில் தரும், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ஆங்கிலம்-தமிழ் கையகராதிகளும் அப்படியே. தேவை, ஆண்டு போட்ட மேற்கோள்களோடு பொருளைப் பிரித்துக்காட்டும் அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதற்கென்றே உருவானது. 1884-இல் முதல் பகுதி வந்து 1928-இல்தான் முடிந்தது; 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். இணையத்தில் அதற்குச் சந்தா வேண்டும். பல நூலகங்கள் தம் உறுப்பினர்களுக்கு வழங்குகின்றன. அதில் ஒரு சொல்லைத் திறந்ததும் முதல் பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. அங்கே பொருள்கள் அடுக்கப்பட்டிருப்பது வரலாற்று வரிசையில். முதலில் இருப்பது பெரும்பாலும் மிகப் பழையது, செத்தும் போயிருக்கலாம். பக்கத்தில் சிறு குத்துவாள் குறி இருந்தால் வழக்கொழிந்த பொருள். நீங்கள் தேட வேண்டியது உங்கள் நூலின் ஆண்டுக்கு முன்பின் 30 ஆண்டுக்குள் மேற்கோள் உள்ள பொருள்கள். கடைசி மேற்கோள் 1600-ஐ ஒட்டி நின்றுவிட்ட ஒரு பொருளை 1813-இன் நாவலுக்குள் கொண்டுவர வேண்டுமானால் பலமான காரணம் வேண்டும்.

மீதமுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். வாக்கியம் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்தப் பத்தி நிற்க வேண்டும். கடைசிச் சோதனை, அதே ஆசிரியர் அந்தச் சொல்லை வேறெங்கே எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது. பிராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் முழு உரை கிடைக்கும். கோப்பை இறக்கி அந்தச் சொல்லைத் தேடினால், 10 இடங்களைப் பார்ப்பதற்குள் பொருள் தானாகத் துலங்கும். தேடும்போது பழைய எழுத்துக்கூட்டலை மறக்க வேண்டாம். ஆஸ்டினின் பழைய பதிப்புகளில் 'ஷோ' என்பதில் ஓ இருக்கும் இடத்தில் ஈ நிற்கும், 'கனெக்‌ஷன்' எக்ஸ் போட்டு வரும், 'டுமாரோ' நடுவில் சிறுகோடோடு இருக்கும்.

காசில்லாமல் கிடைப்பவற்றில் சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி அருமையானது. 40,000-க்கு மேல் சொற்கள், பெரும்பாலானவற்றுக்கு இலக்கிய மேற்கோள். 18-ஆம் நூற்றாண்டு உரைநடைக்கும் ஆஸ்டினுக்கும் நல்ல துணை. படித்தவர்களின் எழுத்துமொழிதான் அவர் அக்கறை என்பதால் தெருப்பேச்சுக்கு அவர் உதவமாட்டார். அதற்கு 1785-இல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைமொழி அகராதி இருக்கிறது. டிக்கன்ஸின் திருடர்கள் பேசுவதில் பாதி அங்கே கிடைக்கும். ஷேக்ஸ்பியருக்கு மட்டும் என்றால் அலெக்சாண்டர் ஷ்மிட் 1874-75-இல் வெளியிட்ட சொல்லடைவு. ஒவ்வொரு சொல்லும் எந்த நாடகத்தில், எந்தக் காட்சியில், எந்தப் பொருளில் என்று பிரித்து வைத்திருக்கிறார். இந்தியாவிலிருந்து திரும்பிய பாத்திரங்கள் வந்து ஏதாவது பேசினால் 1886-இன் 'ஹாப்சன்-ஜாப்சன்', இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வழங்கிய சொற்களின் அகராதி.

இதில் தடுக்கி விழும் இடங்களும் உண்டு. முதலாவது வேர்ச்சொல் மோகம். 'நைஸ்' லத்தீனில் 'அறியாத' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று படித்தவுடன், ஆஸ்டின் எழுதும் ஒவ்வொரு 'நைஸ்' பின்னாலும் ஒரு முட்டாளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேர் எங்கே கிளம்பியது என்று சொல்லுமே தவிர, அந்த ஆண்டில் சொல் எங்கே நின்றது என்று சொல்லாது. இரண்டாவது, பாத்திரமே சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவது. ஷெரிடனின் 1775 நாடகத்தில் திருமதி மாலப்ராப் நைல் நதிக்கரையில் 'அலெகரி' என்கிறாள். அவள் சொல்ல நினைத்தது முதலை. அங்கே அகராதியில் பழைய பொருளைத் தேடிக்கொண்டிருந்தால் நகைச்சுவை போச்சு. மூன்றாவது, ஒரே பொருளில்தான் முடிய வேண்டும் என்ற பிடிவாதம். 'கான்ஷியன்ஸ் நம்மையெல்லாம் கோழைகளாக்குகிறது' என்று ஹாம்லெட் சொல்வது மனசாட்சியையா, தன்னுணர்வோடு யோசித்துக்கொண்டே இருப்பதையா? அன்றைய சொல்லுக்கு இரண்டும் உண்டு. பதிப்பாசிரியர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், வாசகருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சின்னச் சொற்கள்

ஜூலியட் மாடத்தில் நின்று 'வேர்ஃபோர் ஆர்ட் தவ் ரோமியோ' என்பதை 'எங்கே இருக்கிறாய் ரோமியோ' என்று நடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நெற்றியில் கைவைத்துத் தோட்டத்தைத் துழாவிக்கொண்டு. 'வேர்ஃபோர்' என்றால் ஏன். நீ ஏன் ரோமியோவாக, பகைவர் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறாள். அடுத்த வரியே, உன் தந்தையை மறுத்துவிடு, பெயரைத் துறந்துவிடு என்று போகிறது. 'தேர்ஃபோர்' என்ற சொல்லின் ஜோடி அது என்று நினைவு வைத்தால் மறக்காது.

'அன்' என்பது பல இடங்களில் ஒன்று அல்ல, 'ஆனால்-போனால்' வகை நிபந்தனை: 'அன் இட் பிளீஸ் யூ' என்றால் தங்களுக்கு விருப்பமானால். 'வித்அவுட்' என்றால் வெளியே. 'பட்' என்பது அடிக்கடி 'மட்டும்' அல்லது 'தவிர' என்ற பொருளில் வரும். 'ஹிஸ்' என்பது ஆளைக் குறிக்காமல் பொருளையும் குறிக்கும், ஏனென்றால் 'இட்ஸ்' அப்போதுதான் வழக்குக்கு வந்துகொண்டிருந்தது. வினையிலும் இரண்டு சிக்கல். 'ஹி இஸ் கம்' என்றால் வந்துவிட்டார், இன்றைய 'ஹாஸ் கம்'. 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றால் வீடு எதையும் கட்டவில்லை, வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது.

'தவ்', 'யூ' வேறுபாட்டில் தமிழ் வாசகருக்கு ஆங்கிலேயரைவிட வசதி அதிகம். நமக்கு நீ, நீங்கள் இன்னும் உயிரோடிருக்கிறது. 'தவ்' எழுவாய், 'தீ' செயப்படுபொருள், 'தை', 'தைன்' உடைமை. பிரார்த்தனையில் வருவதால் 'தவ்' மிக மரியாதையான சொல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது 'நீ'. கடவுளை நீ என்று அழைப்பது நமக்குப் புதிதா என்ன? நெருங்கியவரிடமும் கீழானவரிடமும் 'தவ்', மேலானவரிடமும் அந்நியரிடமும் 'யூ'. மரியாதைக்குரியவரைத் 'தவ்' போட்டால் செருப்பால் அடித்தது மாதிரி. 1603-இல் வால்ட்டர் ராலே மீதான வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், உன்னைத் 'தவ்' என்றே கூப்பிடுகிறேன் துரோகியே என்று வெளிப்படையாகவே சொல்லி அவமதித்தார்.

ஹாம்லெட் மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சியில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். இடம் அரசியின் 'கிளாசெட்'. துணி அலமாரி அல்ல, தனியறை. பிற்கால மேடைகளில் கட்டில் வந்து சேர்ந்தது, மூலத்தில் படுக்கையறை என்று இல்லை. கெர்ட்ரூட் 'ஹாம்லெட், தவ் ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டட்' என்று தொடங்குகிறாள். உன் அப்பாவை ரொம்பப் புண்படுத்திவிட்டாய் என்று தாய் மகனிடம் உரிமையோடு சொல்லும் 'நீ'. மகன் அதே வரியைத் திருப்பி வீசுகிறான், ஆனால் 'யூ' போட்டு: 'மதர், யூ ஹாவ் மை ஃபாதர் மச் அஃபெண்டட்.' அம்மா, நீங்கள்தான் என் தந்தையைப் புண்படுத்திவிட்டீர்கள். இரண்டு வரியிலும் தந்தை வேறு வேறு ஆள்; அவளுக்கு இரண்டாம் கணவன் கிளாடியஸ், அவனுக்குச் செத்துப்போன அரசன். மரியாதைச் சொல் அங்கே தூரத்தைக் காட்டுகிறது. உடனே அவளும் 'யூ'-வுக்கு மாறிவிடுகிறாள். மந்திரி பொலோனியஸ் செத்து விழுந்தபின், என்னிடம் இப்படி நாவை நீட்ட நான் என்ன செய்தேன் என்று சீறும்போது மறுபடி 'தவ்', இந்த முறை கோபத்தின் 'நீ'. இன்னும் சில வரிகள் கழித்து, என் கண்ணை என் ஆன்மாவுக்குள் திருப்பிவிட்டாயே, பேசாதே என்று உடைகிறபோதும் 'தவ்'. ஒரே சொல், மூன்று குரல். இன்றைய ஆங்கில வாசகருக்கு இது அடிக்குறிப்பில்தான் கிடைக்கும். நமக்குக் காதிலேயே விழும், கவனித்தால்.

19-ஆம் நூற்றாண்டு நாவலில் ஒருவர் 'தவ்' என்று பேசினால் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையினரா, வட இங்கிலாந்து வட்டாரப் பேச்சா, பிரார்த்தனையா என்று பாருங்கள். அப்போது பொதுப்பேச்சிலிருந்து அது போய்விட்டது.

சொல்லுக்குப் பின்னால் உள்ள உலகம்

சில இடங்களில் அகராதி பொருளைச் சொன்னாலும் விஷயம் விளங்காது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் விக்கம் எலிசபெத்திடம் புலம்பும்போது, மறைந்த மூத்த டார்சி தனக்கு 'நெக்ஸ்ட் பிரசென்டேஷன் ஆஃப் தி பெஸ்ட் லிவிங் இன் ஹிஸ் கிஃப்ட்' எழுதிவைத்தார் என்கிறான். நாலு சொல்லும் பள்ளிப்பிள்ளைக்குத் தெரிந்தவை, சேர்த்தால் ஒன்றும் புரியாது. 'லிவிங்' என்பது வருமானத்தோடு கூடிய பாதிரியார் பதவி. 'கிஃப்ட்' பரிசு அல்ல, அந்தப் பதவிக்கு ஆளை நியமிக்க நிலவுடைமையாளருக்கு இருந்த உரிமை. 'பிரசென்டேஷன்' அந்த நியமனம். ஆக, தன் அதிகாரத்தில் இருந்ததிலேயே வளமான திருச்சபைப் பதவி அடுத்துக் காலியாகும்போது விக்கமுக்குத் தரும்படி சொல்லியிருக்கிறார். பதவியிலும் படிநிலை உண்டு. விளைச்சலில் பத்திலொரு பங்கு வரி முழுவதும் 'ரெக்டர்' கைக்குப் போகும், 'விகார்' சிறு பகுதியை மட்டும் பெறுவார், 'கியூரேட்' கூலிக்கு வேலை பார்ப்பவர்.

பணத்துக்கும் இதே கதை. ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்ஸ். கினி என்றால் 21 ஷில்லிங். 1971 வரை ஷில்லிங் கணக்கு இருந்தது. நாவல்களில் ஆணின் மதிப்பு ஆண்டு வருமானத்தில் சொல்லப்படும், பெண்ணின் மதிப்பு மொத்தத் தொகையில். இரண்டையும் குழப்பினால் கதை புரளும். காலின்ஸ் எலிசபெத்திடம் திருமணம் பேசும்போது, உனக்கு வரப்போவதெல்லாம் '4 பெர்சென்ட்ஸ்'-இல் 1,000 பவுண்டு, அதுவும் உன் தாய் இறந்தபின் என்கிறார். 4 சதவீத அரசுக் கடன்பத்திரம். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 40 பவுண்டு. மகன் டார்சிக்கு, அதாவது கதாநாயகனுக்கு, ஆண்டுக்கு 10,000 என்கிறார்கள். அதே 4 சதவீதத்தில் அவ்வளவு வட்டி வர 2,50,000 பவுண்டு முதல் வேண்டும். கடன்பத்திர விகிதத்தைக் காதல் பேச்சில் கொண்டுவரும் மனிதரைப் பற்றி ஆஸ்டின் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

வண்டிகளும் ஜாதகம் சொல்லும். 'கிக்' இரண்டு சக்கரம், ஒரு குதிரை. 'கரிக்கிள்' இரண்டு சக்கரம், இரண்டு குதிரை, காசுள்ள இளைஞனின் வண்டி. 'பரூஷ்' நாலு சக்கரம், ஓட்டத் தனி ஆள். யார் எதில் வந்து இறங்குகிறார் என்பதை அன்றைய வாசகர் ஒரு பார்வையில் எடைபோட்டிருப்பார்.

உறவுமுறையில் ஆங்கிலம் இன்றே நமக்குப் போதாது, அன்று இன்னும் தளர்வு. கிளாடியஸ் தன் அண்ணன் மகன் ஹாம்லெட்டை 'கசின்' என்கிறான். நெருங்கிய உறவினர் எவரும் 'கசின்'. டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் சாம் வெல்லர் 'மதர்-இன்-லா' என்பது மாமியாரை அல்ல, மாற்றாந்தாயை. சாமுக்குக் கல்யாணமே ஆகவில்லையே என்று குழம்பினால், குழம்பியது சரிதான்.

நாள் கணக்கில், 'செனைட்' ஒரு வாரம், 'மைக்கேல்மஸ்' செப்டம்பர் 29, 'லேடி டே' மார்ச் 25. வாடகையும் குத்தகையும் இந்த நாட்களில்தான் கைமாறும். ஆஸ்டினில் 'மார்னிங்' என்பது மாலை உணவு வரை நீளும் பகல். 'மார்னிங் கால்' வருகிறவர்கள் மத்தியானத்தில் வந்து நிற்பதில் தவறில்லை. 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி தேதிகளில் நூலுக்கு நூல் ஓராண்டு முன்பின்னாகத் தெரியும். முதலாம் சார்ல்ஸ் கொல்லப்பட்டது 1649 ஜனவரி 30. அன்றைய ஆவணங்களில் 1648.

பதிப்பித்த நூலை விட்டுவிட்டுப் பழைய அச்சின் ஸ்கேன் பிரதியைத் திறப்பவர்களுக்கு ஒன்று. 1800 வாக்கு வரை சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் நீண்டு, எஃப் போலவே இருக்கும். குறுக்குக்கோடு இடப்பக்கம் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும், வலப்பக்கம் தாண்டாது. சில அச்சுகளில் அதுவும் இருக்காது. சொல்லின் கடைசியில் சாதாரண எஸ்தான் வரும், ஆகவே கடைசியில் எஃப் தெரிந்தால் அது எஃப்தான். 1623-இன் ஷேக்ஸ்பியர் முதல் தொகுப்பில் யு, வி இரண்டும் இடம் மாறியிருக்கும்: சொல்லின் முதலில் வி, நடுவில் யு, ஒலி எதுவானாலும். பழைய பாணிக் கடைப்பலகைகளின் 'யீ' என்பதும் 'தி'-தான். 'த' ஒலிக்கு இருந்த பழைய எழுத்தை அச்சுக்கோப்பவர்கள் ஒய் போட்டு ஒப்பேற்றினார்கள். கணினி இந்தப் பக்கங்களை வாசிக்கும்போது நீண்ட எஸ்ஸை எஃப் என்றே எடுத்துக்கொள்வது சகஜம். தேடிய சொல் கிடைக்கவில்லையென்றால், எஸ் இருக்கும் இடத்தில் எஃப் போட்டு இன்னொரு முறை தேடுங்கள்.